பேசாமல் இருப்பதும் மௌனமும்: சாந்திவன நூல்களைப் போடியிலிருந்து வாசித்தல்

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள் மணிக்கணக்காகப் பேசாமல் வேலை பார்க்கிறார்கள், அந்த மௌனம் எந்தத் துறவி மடத்தின் மௌனத்துக்கும் குறைந்ததில்லை, சமயங்களுக்கு இடையே உரையாடல் நடத்துகிற பெரியவர்கள் இதையெல்லாம் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்கிற மாதிரி. அந்தக் குறிப்பு நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

என் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் மலைக்குப் போனவர். விடியக்காலம் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி கேரளத் தோட்டங்களுக்குப் போய் இருட்டுகிற நேரம் வீடு திரும்புவார். அவருடைய பேத்தி நான் எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது பெரியம்மா கேட்டார்: "ஏன்டா, குனிஞ்சு காய் எடுக்கிறதுல என்னடா தியானம்? பேசுனா கங்காணி சத்தம் போடுவான். அதான் வாயப் பொத்திக்கிட்டு எடுத்தோம்."

எனக்குப் பதில் வரவில்லை. ஏலச்செடி மேலே காய்க்கிற செடி இல்லை. தூரில், தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்க்கும். எடுக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். மருந்தடித்த செடிக்குள்தான் கையை விட வேண்டும். அங்கே நிலவியது கூலிக்காகக் காத்த அமைதி. அதற்கு மௌனம் என்று பெயர் வைத்தது நான்.

அந்தத் தப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நான் விரும்பிப் படித்த புத்தகங்களிலிருந்துதான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதனால் அவற்றை மறுபடி எடுத்து வாசித்தேன். இது அந்த மறுவாசிப்பின் குறிப்பு.

குளித்தலைப் பக்கம் ஒரு காடு

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜூல்ஸ் மோன்ஷானின் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1939இல் தமிழ்நாட்டுக்கு வந்து, திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் பங்குப் பணி செய்தார். ஆன்றி லெ சோ என்ற பெனடிக்டின் துறவி 1948இல் வந்து சேர்ந்தார். இருவரும் குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரை மாந்தோப்பில் 1950 மார்ச் 21 அன்று ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம். சனங்களுக்குச் சாந்திவனம். மோன்ஷானின் பரம அரூபி ஆனந்தம் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். காவி உடை, குடிசை, தரையில் உட்கார்ந்து சாப்பாடு. சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்றையும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்றோடு சேர்த்து நினைக்க முடியுமா என்பது அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி.

மோன்ஷானின் 1957இல் இறந்தார். லெ சோ 1968இல் வடக்கே உத்தரகாசிப் பக்கம் போய்விட்டார். சாந்திவனத்தை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் ஏற்றுக்கொண்டார். 1993இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவர் காலத்தில்தான் அந்த இடம் உலகப் பிரசித்தம் ஆனது.

இவர்களுடைய புத்தகங்களை இளக்காரமாகப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. அதிலும் லெ சோவை. அவர் 1949இல் திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்தவர். ரமணர் மறைந்த பிறகு அருணாசல மலைக் குகைகளில் மாதக்கணக்கில் இருந்தவர். 1955இல் திருக்கோவலூர் தபோவனத்தில் ஞானானந்த கிரியைச் சந்தித்து, அவரையே தன் குருவாக ஏற்றுக்கொண்டவர். அந்தச் சந்திப்பை எழுதிய புத்தகத்தில் தன்னை 'நான்' என்று சொல்லாமல் 'வன்யா' என்ற பெயரில் மூன்றாம் மனிதனாக வைத்து எழுதுகிறார். வெட்கமா, அடக்கமா, இல்லை மேலதிகாரிகளுக்குப் பயமா என்று தெரியாது. ஆனால் அந்த எழுத்தில் ஒரு உண்மையான தடுமாற்றம் இருக்கிறது. பூசை வைக்கிற பாதிரியாராகவும் இருக்க வேண்டும், இரண்டற்றது என்று கண்டதையும் மறுக்கக் கூடாது. இரண்டையும் பிடித்துக்கொண்டு கால் நூற்றாண்டு நின்றார், 1973 டிசம்பரில் இந்தூரில் சாகும்வரை. அவர் இறந்து பல வருடம் கழித்து வெளியான நாட்குறிப்பு இன்னும் பச்சையானது. தான் எழுதிய சச்சிதானந்தம் பற்றிய நூலிலேயே அவருக்குப் பின்னாளில் திருப்தி இல்லாமல் போனது. பழைய விடையைக் கட்டிக்கொண்டு கிடக்காத மனுஷர். மற்றவரின் சமயத்துக்குள் போனால் தன் சமயம் அப்படியே மிஞ்சாது என்பதைத் தன் உடம்பை வைத்தே சோதித்துப் பார்த்தவர்.

மோன்ஷானினும் அவரும் ஒரே மாதிரி நினைத்தவர்கள் இல்லை என்பதும் முக்கியம். அத்வைதமும் திரித்துவமும் ஒன்றாகக் கரையும் என்பதில் மோன்ஷானினுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. லெ சோவுக்கு அந்தத் தயக்கம் புத்தி சார்ந்த தடையாகத் தெரிந்தது. ஒரே தோப்பில், பக்கத்துப் பக்கத்துக் குடிசையில், இரண்டு பேர் இந்த வேறுபாட்டோடு வாழ்ந்தார்கள். சமய உரையாடல் என்று மேடையில் கைகோத்து நிற்பதைவிட இது எனக்கு மதிப்பானதாகப் படுகிறது.

எந்த இந்து?

இனி என் சிக்கலுக்கு வருகிறேன்.

இந்தப் புத்தகங்களை வரிசையாக வாசித்தால் உரையாடலின் ஒரு பக்கம் கிறிஸ்தவம் என்பது தெளிவு. மறுபக்கம் இந்து மதம் என்கிறார்கள். அது எந்த இந்து மதம்? உபநிடதம், கீதை, சந்நியாசம், குகை, குரு, சமஸ்கிருதச் சுலோகம். காவிரிக் கரையில் இருந்துகொண்டு எழுதிய நூல்களில் மாரியம்மனுக்கும் கருப்பசாமிக்கும் ஓரத்தில்கூடப் பெரிய இடமில்லை. பெரியம்மா மலைக்கு ஏறும் முன் சூடம் கொளுத்திவிட்டுப் போகிற எல்லைச் சாமி இந்த உரையாடலில் கட்சிக்காரரே இல்லை.

இது லெ சோ தொடங்கி வைத்த பழக்கம் இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பிராமண சந்நியாசி வேடம் பூண்டார். அது பெரிய சர்ச்சையாகி, 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்த பிறகுதான் ஓய்ந்தது. இதுவரை எல்லாரும் சொல்லுவார்கள். அடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள். பிராமண சந்நியாசியாக இருக்கிற குருவானவர் கீழே வைக்கப்பட்ட சாதிகளோடு புழங்க முடியாது. அதனால் 1640 முதல் மதுரை மிஷன் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்களை உண்டாக்கியது. மேலே உள்ளவர்களுக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்கு இன்னொரு சாமியார். ஆக, இந்தியப் பண்பாட்டோடு கிறிஸ்தவம் உரையாடத் தொடங்கிய முதல் நூற்றாண்டிலேயே அந்த உரையாடல் சாதிப்படி இரண்டாகப் பிளந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டு ஆசிரமங்கள் அந்த இரண்டில் ஒன்றை மட்டும்தான் வாரிசாக எடுத்துக்கொண்டன. பண்டாரசாமியின் பக்கத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.

1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் என்ற இறையியலாளர் சூத்திர இறையியல் வேண்டும் என்று ஓர் உரை ஆற்றினார். பின்னால் அதுவே தலித் இறையியலாக வளர்ந்தது. அவருடைய குற்றச்சாட்டின் சாரம் எளிமையானது: இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகளிலிருந்து வந்தார்களோ, அந்த அனுபவத்துக்கு இந்திய இறையியலில் இடமில்லை, பிராமணத் தத்துவத்தோடு பேசுவதையே இந்தியமயம் என்று நினைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் பாதிக்கு மேல் தலித்துகள் என்ற நிலையில் அந்தக் குற்றச்சாட்டை ஓரமாகத் தள்ள முடியாது.

ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்க அதன் நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள். பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி; எதிர்த்துப் போராட்டங்களும் நடந்தன. சாந்திவனத்திலிருந்து அந்தச் சுவர் நாற்பது கிலோமீட்டருக்குள். ஆன்மாவும் பிரம்மமும் இரண்டல்ல என்று ஓர் இடத்தில் தியானம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற இன்னோர் இடத்தில் பிணங்களே இரண்டு. சாந்திவனத்துக்காரர்கள் அந்தச் சுவரைக் கட்டவில்லை. ஏழைகளாகத்தான் வாழ்ந்தார்கள், சுற்றியிருந்த கிராமத்துக்கு உதவியும் செய்தார்கள். என் கேள்வி வேறு: அத்வைத அனுபவத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய பேனாவுக்கு, இந்தச் சுவர் ஓர் அத்வைதப் பிரச்சினையாக ஏன் தெரியவில்லை? நான் வாசித்த பக்கங்களில் சாதி வருகிறது, சமூகக் குறை என்ற இடத்தில் வருகிறது. தியானத்தின் உள்ளே வருவதில்லை.

ஒரே சொத்துக்கு இரண்டு வாரிசு

எதிர்ப்பக்கத்திலும் இதே கோளாறுதான். 1987இல் பீட் கிரிஃபித்ஸுக்கும் சுவாமி தேவானந்த சரஸ்வதி என்பவருக்கும் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் தொடங்கிய கடிதச் சண்டை பிரசித்தம். சீதாராம் கோயல் அதையெல்லாம் சேர்த்து 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்களைத் தாக்கி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். சிலுவையில் ஓம் பொறிப்பதும், பாதிரியார் காவி கட்டுவதும் மதம் மாற்றுவதற்கான ஏமாற்று என்பது வாதம்.

இந்தச் சண்டையை முதலில் வாசித்தபோது நான் முழுக்க பீட் பக்கம். இப்போதும் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதராக அவர் எந்தப் பக்கத்திலும் தென்படவில்லை. ஆனால் இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. காவி, ஓம், சந்நியாசம், சமஸ்கிருதம் இவைதான் இந்து மதத்தின் சாரம் என்பதில் இரு தரப்புக்கும் துளி கருத்து வேறுபாடு இல்லை. அதை யார் தொடலாம் என்பதில்தான் தகராறு. சொத்து எது என்பதில் ஒத்துப்போய்விட்டு, பட்டா யார் பேருக்கு என்று அடித்துக்கொண்ட வழக்கு. அந்தச் சொத்தில் என்றைக்குமே பங்கு இல்லாதவர்கள் இரு தரப்பிலும் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

பீட் 1982இல் வெளியிட்ட கிழக்கு மேற்குத் திருமணம் பற்றிய நூலிலும் இதுவே வேறு வடிவில் வருகிறது. மேற்கு அறிவு வழிப்பட்டது, ஆண் தன்மையது. கிழக்கு உள்ளுணர்வு வழிப்பட்டது, பெண் தன்மையது. இரண்டும் சேர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்கிற கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. காயின் நிறம், எடை, எத்தனை மில்லிமீட்டர் என்று கையில் உருட்டிப் பார்த்து, கணினியில் விலை தட்டுகிற வியாபாரியும் கிழக்குதான். அஞ்சு கிலோ பச்சைக் காய் காய்ந்தால் சுமார் ஒரு கிலோ என்று மனக்கணக்குப் போடுகிற பெரியம்மாவும் கிழக்குதான். பெண்ணும்கூட. 'கிழக்கு' என்று ஒரு ஆளை உருவாக்கி, அவளுக்கு உள்ளுணர்வை மட்டும் சீதனமாகக் கொடுத்து அனுப்புவது மரியாதை மாதிரித் தெரியும். ஆனால் அதிலேதான் நான் விழுந்தேன். காய் எடுக்கும் பெண்ணை நான் 'மௌனி' ஆக்கியதும் இந்தச் சீதனத்தில்தான் சேரும்.

நம்ம மலையிலேயே ஒன்று

ஏலமலைத் தொடருக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில் வாகமண் அருகில் குரிசுமலை ஆசிரமம் இருக்கிறது. 1958இல் பெல்ஜியத்துத் துறவி பிரான்சிஸ் மாஹியூ பீட் கிரிஃபித்ஸோடு சேர்ந்து தொடங்கியது. பீட் 1968இல் சாந்திவனம் போனது இங்கிருந்துதான். மாஹியூ பின்னால் பிரான்சிஸ் ஆச்சாரியா என்று அறியப்பட்டு, 2002இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார்.

சாந்திவனத்தைவிட இதைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது கூடுதலாகப் பிடிக்கிறது. ரெண்டு காரணம். ஒன்று, இவர்கள் இந்தியமயம் என்றதும் சமஸ்கிருதத்துக்கு ஓடவில்லை. கேரளத்தில் ஏற்கெனவே பல நூற்றாண்டாக இருந்த சிரியக் கிறிஸ்தவ வழிபாட்டைக் கையில் எடுத்தார்கள். பிரான்சிஸ் ஆச்சாரியா சிரியக் மன்றாட்டு மரபை ஆங்கிலத்தில் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அதாவது, அந்த மண்ணில் வாழ்கிற கிறிஸ்தவர்கள் தலைமுறையாக என்ன வழிபட்டார்களோ அதிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டு, உழைப்பு. சிஸ்டர்சியன் மரபுப்படி துறவிகள் மாடு வளர்த்தார்கள், சாணி அள்ளினார்கள், புல் வளர்த்தார்கள், பால் விற்றார்கள். சுற்றுவட்டார விவசாயிகளும் மாடு வளர்த்துப் பிழைக்க அது வழிகாட்டியது. பிரார்த்தனையும் கைவேலையும் ஒரே நாளுக்குள் அடங்கின.

ஆனால் இங்கேயும் பெரியம்மாவின் கேள்வி விடவில்லை. துறவி தேர்ந்தெடுத்துச் சாணி அள்ளுகிறார். தோட்டக்காரப் பெண் தேர்ந்தெடுத்துக் குனியவில்லை. வேலை ஒன்றாக இருந்தாலும் இந்த வித்தியாசம் பெரிது. துறவியின் உழைப்பைப் பார்த்து உழைப்பு முழுவதையும் தியானம் என்று சொல்லிவிடக்கூடாது. நான் அதைத்தான் செய்தேன்.

சாமிகள் ஒத்துப்போன ஊரில்

இந்த இடத்தில் இலங்கையின் அலோசியஸ் பீரிஸ் எனக்கு உதவினார். இயேசு சபைக் குருவானவர், பௌத்தத்தில் முறையாக முனைவர் பட்டம் வாங்கியவர், 1974இல் களனியில் துலானா என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். ஆசியாவில் சமயத்தையும் வறுமையையும் பிரித்துப் பேச முடியாது என்பது அவர் நிலைப்பாடு. சமயத்தை மட்டும் பேசினால் உரையாடல் வசதியானவர்களின் பொழுதுபோக்காகும்; வறுமையை மட்டும் பேசினால் ஆசியாவுக்கு அந்நியமாகும். அதோடு அவர் ஒரு பகுப்பும் வைத்திருக்கிறார். மழை, விளைச்சல், நோய், பேய், காவல் தெய்வம் என்று உலகத்தோடு ஒட்டிய சமயம் ஒன்று. நிர்வாணம், பிரம்மம், மீட்பு என்று உலகுக்கு அப்பால் பார்க்கிற சமயம் இன்னொன்று. பின்னது முன்னதின் மேல்தான் வந்து இறங்குகிறது, முன்னது இல்லாமல் அதற்குத் தரை இல்லை என்கிறார். சாந்திவன உரையாடல் இரண்டாவது மாடியில் நடந்தது, தரைத்தளத்தை எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல இந்தப் பகுப்பு வசதியாக இருக்கிறது.

சரி, தரைத்தளத்தில் உரையாடல் நடக்கவில்லையா என்றால் அமோகமாக நடக்கிறது. கார்த்திகை பிறந்தால் தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறிப் போகிற ஐயப்ப பக்தர்களில் எருமேலி வழி போகிறவர்கள் பேட்டை துள்ளும்போது வாவர் பள்ளிவாசலையும் வலம் வருகிறார்கள். சித்ரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு நாள் திறக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குத் தமிழ்நாட்டுக்காரர்களும் மலையாளிகளும் சேர்ந்து ஏறுகிறார்கள். இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்துகின்றன. சிலப்பதிகாரத்துக் கண்ணகி, சமணம் மணக்கிற காவியத்திலிருந்து வந்து, இரண்டு மாநிலத்துக்கு அம்மனாக நிற்கிறாள். யாரும் மாநாடு கூட்டி இதை முடிவு செய்யவில்லை.

'ஆக, பண்டிதர் உரையாடல் பொய், பாமர ஒற்றுமை மெய்' என்று முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. முன்பு எழுதிய குறிப்பு கிட்டத்தட்ட அப்படித்தான் முடிந்தது. முடிக்க முடியாது.

1989 செப்டம்பரில் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. நான் அப்போது சின்னப் பையன். பள்ளிக்கூடம் மூடியதும், தெருவில் வயசுப் பையன்கள் இல்லாமல் போனதும், அம்மா ராத்திரி விளக்கைப் போடவிடாததும் நினைவிருக்கிறது. வெட்டிக்கொண்டவர்களில் பலர் ஒரே அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஒரே ஜீப்பில் இருக்காது, ஆனால் ஒரே மலைப்பாதையில் வேலைக்குப் போனவர்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும்தான் போனார்கள். வாவரும் ஐயப்பனும் நண்பர்கள் என்பது ஒரு உயிரைக்கூடக் காப்பாற்றவில்லை. சாமிகள் ஒத்துப்போன ஊரில்தான் மனிதர்கள் ஒத்துப்போகவில்லை.

அந்த வருடத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். செப்டம்பரில் போடி எரிகிறது. அக்டோபர் 15 தேதியிட்டு வத்திக்கான் ஒரு கடிதம் எழுதுகிறது. கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்டது. ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் போன்ற முறைகளைக் கிறிஸ்தவர்கள் எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பது விஷயம். அதே வருடம் பீட் கிரிஃபித்ஸ் நவீன அறிவியலையும் கீழை ஞானத்தையும் இணைக்கும் தன் நூலை வெளியிடுகிறார். ரோமும் தண்ணீர்ப்பள்ளியும் எதிரெதிர்த் தரப்பு. ஆனால் இரண்டும் விவாதித்தது ஒரே கேள்வியை: எப்படி உட்கார்ந்து ஜெபிப்பது சரி? அந்த வருடம் போடியில் எழுந்த கேள்வி, பக்கத்துத் தெருக்காரனை மனுஷனாகப் பார்க்க எந்த ஜெபம் கற்றுக்கொடுக்கும் என்பது. அதை எடுத்துக்கொள்ள அந்த இரு தரப்பிலும் ஆள் இல்லை. பாமர ஒற்றுமையிலும் இல்லை.

பெருமாள்மலைக்குப் போய் வந்தது

போடி என்றால் போதியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இல்லை. பாளையக்காரர் பெயரால் வந்த ஊர். ஆனால் 'போதி' என்ற பெயரில் நிஜமாகவே ஓர் இடம் எங்கள் மலைக்கு அடுத்த மலையில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறும் வழியில் பெருமாள்மலையில், போதி ஜெண்டோ. இயேசு சபைக் குருவானவரான ஆமா சாமி 1996இல் நிறுவியது. அவர் ஜப்பானில் யமடா கோஉன் ரோஷியிடம் ஜென் பயின்று 1982இல் கற்பிக்கும் அனுமதி பெற்றவர். தமிழ்க் கத்தோலிக்கப் பாதிரியார், ஜென் ஆசான்.

நான் அங்கே சில தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். சுவர் வெறும் சுவர். சச்சிதானந்தம் திரித்துவமா என்று யாரும் கேட்பதில்லை. இதுதான் சாந்திவனத்திலிருந்து எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம். இரண்டு கொள்கைகளைப் பொருத்திப் பார்க்கிற வேலையே இங்கே இல்லை. ஆமா சாமியின் எழுத்தில் கிறிஸ்தவத்தையும் ஜென்னையும் கலக்கிக் குழம்பாக்குகிற அவசரம் கிடையாது. அந்தப் பக்கம் கடந்து போ, திரும்பி வா, இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழகு என்கிற தோரணை. விழிப்பு கருணையாக இறங்கவில்லை என்றால் அது விழிப்பே இல்லை என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

குறை இல்லையா? இருக்கிறது. பத்து நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார யாரால் முடியும்? நான் போன சமயங்களில் என்னோடு உட்கார்ந்தவர்களில் வெளிநாட்டுக்காரர்களும் பெருநகரத்துக்காரர்களும்தான் அதிகம். மலையடிவாரத்திலிருந்து வந்தவன் என்று என்னைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. நானும் சம்பள விடுப்பு உள்ளவன். பெரியம்மா ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

ஆனாலும் அந்தச் சுவருக்கு முன்னால் எனக்கு ஒன்று நடந்தது. பெரியதாக எதுவும் இல்லை. மூன்றாம் நாள் கால் மரத்துப்போய், முதுகு விட்டுப்போய், 'இன்னும் எத்தனை நிமிடம்' என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது பெரியம்மாவின் இடுப்பு நினைவுக்கு வந்தது. தத்துவமாக அல்ல, வலியாக. எனக்கு மணி அடித்தால் எழுந்துவிடலாம். அவருக்கு அப்படி ஒரு மணி இல்லை. காய் எடுப்பதைத் தியானம் என்று எழுதியவன் தியானத்தில் உட்கார்ந்தபோதுதான் அது தியானம் இல்லை என்று தெரிந்துகொண்டான். அந்த வகையில் தியானம் வேலை செய்தது என்றே சொல்வேன்.

இப்போதைக்கு என் நிலை

சமயங்களுக்கிடையே தியானம் ஒரு பாலம் என்கிறார்கள். இருக்கலாம். சமணர், சூஃபி, கிறிஸ்தவத் துறவி, ஜென் சாமியார் எல்லாரும் அமைதியாக உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வது சுலபம் என்பதை நான் நம்புகிறேன். 1965 அக்டோபரில் வத்திக்கான் சங்கம் மற்ற சமயங்களில் உண்மையானதும் புனிதமானதும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்த பிறகு நடந்த அத்தனை முயற்சிகளிலும், கூட உட்கார்ந்தவர்கள்தான் அதிக தூரம் போனார்கள்.

ஆனால் அந்தப் புத்தகங்களை இனி வாசிக்கும்போது இரண்டு கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போகிறேன். இந்த மௌனத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் மேல் சுமத்தப்பட்டது? இதில் கிடைத்த ஒருமை, கல்லறைச் சுவர்வரைக்கும் வருகிறதா, வாசலிலேயே நின்றுவிடுகிறதா? லெ சோவின் நாட்குறிப்பு முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும்; இரண்டாவதில் தடுமாறும். குரிசுமலை முதல் கேள்வியில் பாதி தூரம் வரும். பீரிஸ் இரண்டு கேள்வியையும் தானே கேட்கிறார். அவருடைய எழுத்து தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் குறை.

பழைய குறிப்பை நீக்கவில்லை. தப்பை அழித்துவிட்டால் அது தப்பு என்று எழுதியதற்கு அர்த்தமில்லை. அதன் தலையில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இதில் மௌனம் என்று சொன்னது மௌனம் இல்லை, கங்காணிக்குப் பயந்து பேசாமல் இருந்தது.'

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "சரி விடு"ன்னார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். சாயங்காலம் வேலை முடிந்து ஜீப் இறங்கும்போது, போடிமெட்டு தாண்டி கீழே ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில், வண்டியில் அத்தனை பேரும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். "என்னமோ, பேசத் தோணாது"ன்னார்.

அதற்கு நான் எந்தப் பெயரும் வைக்கவில்லை.